சுற்றாடற் கணக்குகளைச் சட்டக் கடமையாக்கினால் எங்கள் கிணற்று நீர் கணக்கில் வருமா?

கோப்பாய்ச் செம்மண் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சட்டம் படிக்கும் மாணவி. உத்தியோகபூர்வ புள்ளிவிபரங்கள் தொடர்பான சட்டங்களை ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதிவருகிறேன். அதற்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் 691/2011 ஆம் இலக்க ஒழுங்குவிதியை வாசித்தபோது எழுந்த ஐயங்களை, இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் முன்வைக்கிறேன்.

2011 யூலை 6 ஆம் திகதி நிறைவேறிய அந்த ஒழுங்குவிதி, உறுப்பு நாடுகள் மூன்று கணக்குகளைக் கட்டாயமாகத் தொகுத்து வழங்க வேண்டும் என்று முதலில் விதித்தது. வளியில் கலக்கும் வாயுக்கள், சுற்றாடலோடு தொடர்புடைய வரிகள், பொருளாதாரத்துக்குள் புகுந்து வெளியேறும் பொருட்களின் நிறை என்பனவே அவை. 2014 இல் சுற்றாடற் பாதுகாப்புச் செலவு, சுற்றாடற் பண்டங்களையும் சேவைகளையும் வழங்கும் துறை, சக்திப் பாய்ச்சல் ஆகிய மூன்றும், 2024 இல் காடுகள், சூழற்றொகுதிகள், சுற்றாடலைக் காப்பதற்கான மானியங்கள் ஆகிய மூன்றும் சேர்க்கப்பட்டன. இவ்வளவும் எனக்கு விளங்குகிறது. ஆனால், சுற்றாடல் பற்றிய புள்ளிவிபரங்களை அந்த நாடுகள் அதற்கு முன்னரும் வெளியிட்டுவந்தனவே. அப்படியிருக்க, இதற்கெனத் தனிச் சட்டம் ஏன் தேவைப்பட்டது?

இரண்டாவது கேள்வி எங்கள் நாடான இலங்கையைப் பற்றியது. எங்களிடம் 1935 ஆம் ஆண்டின் புள்ளிவிபரக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழேயே இத்தகைய கணக்குகளைத் தொகுத்துவிடலாமா, அல்லது பாராளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை இயற்ற வேண்டுமா?

இது எனக்கு ஏட்டளவிலான கேள்வி மட்டும் அன்று. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் விளையும் வெங்காயம் விற்பனையானதும், அதன் பெறுமதி ஏதோ ஒரு வழியில் மொத்த உள்நாட்டு உற்பத்திக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வெங்காயத்துக்காக அப்பா கிணற்றிலிருந்து இறைத்த நீருக்கு விலை இல்லை. ஆகவே அது அந்தக் கணக்கின் எந்த வரியிலும் இல்லை. கிணறு உவராகிப்போனால், அந்த ஆண்டின் வெங்காயம் குறைந்தது என்று மட்டும் கணக்குச் சொல்லும். நீர் போனது என்று சொல்லாது. இந்த இடைவெளியைச் சட்டத்தால் அடைக்க முடியுமா என்பதே நான் அறிய விரும்புவது.

பழைய கணக்கர் எழுதியது:

பிள்ளை, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் பின்னர் கொழும்பிலுமாகப் புள்ளிவிபரப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். முதற் கேள்விக்குச் சற்று விரிவாகவே மறுமொழி எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டாவதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

சுற்றாடற் புள்ளிவிபரம் வேறு, சுற்றாடற் கணக்கு வேறு. ஓர் ஆண்டில் இவ்வளவு தொன் காபனீரொட்சைட்டு வெளியேறியது, இவ்வளவு ஏக்கர் காடு அழிந்தது என்று பட்டியலிடுவது புள்ளிவிபரம். அதே தொன்னை, தேசியக் கணக்குகளில் பயன்படும் அதே கைத்தொழில் வகைப்படுத்தலின்படி பிரித்து, எந்தத் துறை எவ்வளவு பெறுமதி சேர்த்தது என்ற வரியிலேயே அத்துறை எவ்வளவு வெளிவிட்டது என்பதையும் எழுதுவதுதான் கணக்கு. ஐரோப்பிய ஒழுங்குவிதி வாயுக்களை 64 பொருளாதாரச் செயற்பாடுகளாகவும், வீட்டுத்துறையைத் தனியாகவும் பிரித்துக் கேட்பது இதற்காகத்தான். வருமானமும் மாசும் ஒரே வரியில் வந்த பின்னர், ஒரு துறையின் ஒவ்வொரு மில்லியன் ரூபாய்க்கும் எவ்வளவு மாசு என்று கேட்பதற்கு யாருடைய தயவும் தேவையில்லை.

இந்த இணைப்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். காலநிலை உடன்படிக்கைக்காக நாடுகள் தயாரிக்கும் வாயுப் பட்டியல் ஆள்புல அடிப்படையிலானது. நாட்டின் எல்லைக்குள் வெளியேறியது எதுவோ அதையே அது எண்ணும். தேசியக் கணக்கோ வதிவு அடிப்படையிலானது. நாட்டில் வதியும் நிறுவனம் உலகின் எந்தக் கடலில் உழைத்தாலும் அதன் பெறுமதி அந்நாட்டுக்கே சேரும். டென்மார்க் பெரிய கப்பற்றுறை கொண்ட நாடு. அந்தக் கப்பல்கள் ஈட்டும் வருமானத்தை உள்நாட்டு உற்பத்தியில் சேர்த்துக்கொண்டு, அவை அந்நியத் துறைமுகங்களில் நிரப்பி எரித்த எரிபொருளின் புகையை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது. வதிவு அடிப்படையில் தொகுக்கும்போது டென்மார்க்கின் தொகை பட்டியலில் உள்ளதைவிட மிகவும் உயர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கும் இணைப்பு அட்டவணை ஒன்றையும் ஒழுங்குவிதி கேட்கிறது. விருப்பத்தின் பேரில் செய்யும் வேலையாக இருந்தால், இப்படித் தமக்குப் பாதகமான எண்ணை ஆண்டுதோறும் வெளியிட எத்தனை அரசுகள் முன்வரும்?

சட்டம் தேவைப்பட்டது அதனால்தான். முறைமை முன்பே இருந்தது. 1992 ரியோ மாநாட்டுக்குப் பின்னர், 1993 இல் ஐக்கிய நாடுகள் முதற் கைந்நூலை வெளியிட்டது. 2012 இல் ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழு சுற்றாடல் பொருளாதாரக் கணக்கீட்டு முறைமையின் மையச் சட்டகத்தைச் சர்வதேசப் புள்ளிவிபர நியமமாக ஏற்றது. 2021 இல் சூழற்றொகுதிக் கணக்கீடும் ஏற்கப்பட்டது. நியமம் என்பது எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும். செய்தே ஆக வேண்டும் என்று அது சொல்லாது. எந்தக் கணக்கை, எந்த வகைப்படுத்தலில், ஆண்டு முடிந்து எத்தனை மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பதைச் சட்டம் கூறுகிறது. வாயுக் கணக்குக்கு 2011 இன் ஒழுங்குவிதி 21 மாதங்கள் கொடுத்தது. திகதி குறிக்கப்பட்ட கடமைக்குத்தான் திறைசேரி பணம் ஒதுக்கும் என்பது என் பணிக்கால அனுபவம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் 1935 கட்டளைச் சட்டம் தகவல் திரட்டும் அதிகாரத்தைத் தருகிறது. தனிநபர் தந்த விபரங்களை இரகசியமாக வைத்திருக்கவும் விதிக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது அதிகாரம் தரும் சட்டம். இன்ன கணக்கை இன்ன நாளுக்குள் மக்கள் முன் வைக்க வேண்டும் என்ற கடமையை அதற்குள் தேடினால் கிடைக்காது. ஆகவே, தொகுப்பதற்கு அதுவே போதும். தொகுக்காமல் விடுவதைத் தடுப்பதற்குப் போதாது என்பதே என் கருத்து.

புன்னாலைத் தோட்டம் எழுதியது:

ஐயா எழுதியதை ஆறுதலாக இரண்டு முறை வாசித்தேன். நான் பாடசாலையில் கற்பித்துக்கொண்டே பரம்பரைத் தோட்டத்தையும் செய்பவன். வெங்காயம், மிளகாய், புகையிலை மூன்றும் செய்திருக்கிறேன். கணக்கு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு எண்ணைத் தர வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள் என்பதை, சட்டம் எழுதுபவர்கள் முதலிலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பகுதிக்கு ஓர் உத்தியோகத்தர் வந்து, எத்தனை குதிரைவலு இயந்திரம், நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இறைப்பு, கிணறு எவ்வளவு ஆழம் என்று விசாரித்தார். எதற்காக என்று கேட்டோம். அவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. நீருக்கு வரி வரப்போகிறது என்று அன்று மாலையே ஊரெல்லாம் பேச்சாயிற்று. மறுநாள் அவர் போன வீடுகளில் எல்லோரும் மணித்தியாலத்தைப் பாதியாகக் குறைத்தே சொன்னார்கள். நானும் குறைத்துத்தான் சொன்னேன். அதை இன்று நினைக்க வருத்தமாக இருக்கிறது. அந்த எண்கள் எந்த அறிக்கையில் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவை பிழையான எண்கள்.

ஆகவே மாணவியாகிய தங்கச்சிக்கு நான் சொல்வது இது. புள்ளிவிபரத்துக்காகத் தந்த விபரத்தை வரி விதிக்கவோ, அனுமதிப்பத்திரத்தை மறுக்கவோ, வழக்குத் தொடரவோ எவரும் பயன்படுத்த முடியாது என்ற பிரிவு, சட்டத்தின் கடைசியில் எங்கோ ஓர் உபபிரிவாக இல்லாமல் முன்னாலேயே இருக்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் ஒட்டி வைக்கும் அறிவித்தலிலும் அது எளிய தமிழில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு கிணற்றுக்கும் மானி பூட்டித்தான் அளக்க வேண்டும் என்றால் அது நடவாத காரியம். பயிர் செய்த பரப்பு கமநல சேவை நிலையத்தில் இருக்கிறது. ஒரு பரப்புக் காணியில் நிற்கும் வெங்காயத்துக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை எவ்வளவு நேரம் இறைக்கிறோம் என்பதை, நம்பிக்கை உள்ள இருபது, முப்பது தோட்டக்காரரிடம் பருவம் முழுவதும் கொப்பியில் எழுதிவைக்கச் சொன்னால், அதிலிருந்து மதிப்பிட முடியாதா? நான் கணக்கியல் அறியாதவன், அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கற்குழி எழுதியது:

முடியும். மாதிரி அளவீட்டையும் பயிர்ப் பரப்பையும் பெருக்கி மதிப்பிடுவது ஏற்கப்பட்ட முறையே. நீர் மின்சாரத்தால் இறைக்கப்படும் இடங்களில் மின் பாவனையைக் கொண்டு அதைச் சரிபார்க்கவும் இயலும். நான் நிலத்தடி நீர் தொடர்பான பொறியியற் பணியில் இருப்பவன்.

ஆனால் பழைய கணக்கர் ஐயாவின் விளக்கத்தில் ஒரு முக்கியமான விடயம் சொல்லப்படாமல் இருக்கிறது. ஐரோப்பிய ஒழுங்குவிதியின் கட்டாயக் கணக்குகள் ஒன்பதையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவற்றுள் நீர்க் கணக்கு என்று ஒன்று இல்லை. நீர் பற்றிய தரவுகளை அங்கே வேறு வழிகளில் திரட்டுகிறார்கள். எனினும் வாயுவுக்கும் வரிக்கும் இருப்பதுபோல, நீரைப் பொருளாதாரத் துறைகளோடு இணைக்கும் சட்டக் கடமை அந்த ஒழுங்குவிதியில் இடம்பெறவில்லை. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால், யாழ்ப்பாணத்துக்கு எது உயிரோ அதுதான் விடுபடும். நீருக்கென்று ஐக்கிய நாடுகளின் தனிக் கணக்கீட்டு முறைமை இருக்கிறது. எங்கள் சட்டத்தின் முதலாவது அட்டவணை அதிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது அளவின் பிரச்சினை. நாடு முழுவதற்கும் ஒரே நீர்க் கணக்கு எழுதினால் இலங்கை நீர் வளம் மிக்க நாடாகவே தெரியும். மகாவலி உட்பட நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகள் இருக்கின்றன. அந்தத் தேசியச் சராசரிக்குள் குடாநாடு மறைந்துவிடும். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீரின் மேலே மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லோரும் அறிவோம்; குடாநாட்டின் அமைப்பும் அதுவே. மிகையாக இறைத்தால் கீழிருந்து உவர் மேலேறும். ஆகவே கணக்கு நீர்ப்படுகை வாரியாக எழுதப்பட வேண்டும். பிரதேச செயலகப் பிரிவுகளின் எல்லைக் கோடுகள் சுண்ணாம்புக்கல்லுக்குத் தெரியாது. மாரி மழையில் உட்சென்றது எவ்வளவு, தோட்டத்துக்கும் வீட்டுக்கும் எடுத்தது எவ்வளவு, கீரிமலைப் பக்கம் ஊற்றாகக் கடலுக்குப் போனது எவ்வளவு என்று தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் காட்ட வேண்டும், வங்கிக் கணக்கு எழுதுவதைப்போல.

அளவு மட்டும் போதாது, தரமும் வேண்டும். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் இடும் யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைதரசன் கிணறுகளுக்குள் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கிணற்று நீரைப் பரிசோதிப்பது அறிகுறியைப் பார்ப்பது மட்டுமே. மண்ணுக்குள் போன நைதரசன் எவ்வளவு, விளைச்சலோடு வெளியேறியது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்ற சமநிலைதான் காரணத்தைக் காட்டும். ஐரோப்பாவில் இந்தப் போசணைச் சமநிலைக்கு 2022/2379 என்ற வேறோர் ஒழுங்குவிதி, விவசாய உள்ளீடுகளும் விளைவுகளும் பற்றியது, வழி செய்கிறது. கட்டுரையில் அதையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது நாம் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. எந்தப் பயிருக்கு, எந்த மண்ணில் எவ்வளவு மிகையாக இடப்படுகிறது என்ற கணக்கு அன்று மேசையில் இருந்திருந்தால், முழுத் தடைக்கும் முழு மானியத்துக்கும் நடுவில் வேறு வழிகள் உண்டு என்று வாதிடுவதற்காவது ஒரு பிடி இருந்திருக்கும்.

என் பெயருக்குக் காரணமான விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காகத் தோண்டிய கற்குழிகளுக்கு அருகில் வளர்ந்தவன் நான். 1950 களிலிருந்து 1990 இல் ஆலை மூடப்படும்வரை அங்கிருந்து போன ஒவ்வொரு தொன் சுண்ணாம்புக்கல்லும் உற்பத்தியாகவும் வருமானமாகவும் மட்டுமே எழுதப்பட்டது. நீரைத் தாங்கிய பாறை குறைந்தது என்று எந்தக் கணக்கும் கழிக்கவில்லை. 2025 இல் ஏற்கப்பட்ட புதிய தேசியக் கணக்கு முறைமை, இயற்கை வளம் தேய்வதை உற்பத்திச் செலவாகவே கருதுகிறது. மொத்த உற்பத்தி அதனால் மாறாது, ஆனால் தேய்வைக் கழித்து வரும் தேறிய உற்பத்தி குறையும். எங்கள் நாடும் ஒருநாள் அந்த முறைமைக்கு மாறத்தான் போகிறது. அதற்கான அடிப்படைத் தரவைத் திரட்டும் கடமை இப்போதே சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பேன்.

பழைய கணக்கர் எழுதியது:

கற்குழி தம்பி சுட்டிக்காட்டிய குறையை ஏற்றுக்கொள்கிறேன். நீர்க் கணக்கு அங்கே கட்டாயம் இல்லை என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சட்டத்தை முன்மாதிரியாக எடுக்கும்போது, அதில் இருப்பதைவிட இல்லாததையே கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது தகுந்த சான்று.

புன்னாலைத் தோட்டத்து ஆசிரியருடைய அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆனால் இரகசியக் காப்புக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதையும் மாணவி அறிந்திருக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஒரு துறையில் ஒரே ஒரு ஆலை இருந்தால், அத்துறையின் எண்ணை வெளியிடுவது அந்த ஆலையின் எண்ணை வெளியிடுவதாகும். ஆகவே அந்தக் கட்டம் வெறுமையாக விடப்படும். தோட்டக்காரரைக் காக்கும் அதே விதி பெரிய ஆலையையும் காக்கும். சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் கலந்த விவகாரத்தில் மக்களுக்கு 2019 இல் உயர் நீதிமன்றத்தில் கிடைத்த தீர்ப்பு, புள்ளிவிபரத்தால் வந்தது அன்று, வழக்கால் வந்தது. மாசுபடுத்தியவரைக் கண்டுபிடிப்பது 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமும் பரிசோதனையும் செய்ய வேண்டிய வேலை. புள்ளிவிபரச் சட்டத்தின் தலையில் அந்தச் சுமையையும் ஏற்றினால், தோட்டக்காரர் அஞ்சியதே நடக்கும்: எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இரண்டையும் வெவ்வேறு சட்டங்களில், வெவ்வேறு உத்தியோகத்தர்களிடம் வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஐரோப்பாவைவிட எங்களுக்குக் கிட்டிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2024 மே மாதத்தில் 11995 ஆம் இலக்கக் குடியரசுச் சட்டத்தால் சூழற்றொகுதி, இயற்கை மூலதனக் கணக்கீட்டு முறைமையைச் சட்டமாக்கியது. அந்நாட்டுப் புள்ளிவிபர அதிகாரசபை அதில் முதன்மைப் பொறுப்பை வகிக்கிறது. தீவுகளாலான, எங்களைப்போலவே வசதி குறைந்த ஒரு நாடு இதைத் துணிந்து செய்திருக்கிறது. ஐரோப்பிய ஒழுங்குவிதிக்குப் பின்னால் ஒன்றியத்தின் 223/2009 ஆம் இலக்கப் புள்ளிவிபரச் சட்டமும், புள்ளிவிபரத் துறையினர் அரசியல் தலையீடின்றிச் செயற்பட வேண்டும் என்று அதில் உள்ள தொழில்சார் சுதந்திரக் கோட்பாடும், நிதியும் நிற்கின்றன. எங்களிடம் அவை முழுமையாக இல்லை. எனவே ஒப்பீட்டின் நிறையைப் பிலிப்பைன்ஸ் பக்கம் சற்று நகர்த்துவது நல்லது.

கோப்பாய்ச் செம்மண் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எது சட்டத்துக்குரிய வேலை, எது நியமத்துக்குரிய வேலை என்ற பிரிப்பு இப்போதுதான் எனக்குத் தெளிவாகிறது. கட்டுரையின் திட்டத்தையும் மாற்றிவிட்டேன். ஐரோப்பிய ஒழுங்குவிதி ஓர் அத்தியாயமாகச் சுருங்கும். பிலிப்பைன்ஸ் சட்டம் இரண்டாவது அத்தியாயம். மூன்றாவதில், 1935 கட்டளைச் சட்டத்துக்கு ஒரு திருத்தமாக, நீர்ப்படுகை வாரியான நீர்க் கணக்கையும் நைதரசன் சமநிலையையும் திகதி குறித்துக் கட்டாயமாக்கும் மாதிரி அட்டவணை ஒன்றை வரைந்து பார்க்கப்போகிறேன். விபரம் தந்தவரைக் காக்கும் பிரிவு அதில் முதலாவதாக இருக்கும்.

ஆசிரியர் அண்ணாவிடம் ஒரு வேண்டுகோள். இறைப்பு நேரத்தைக் கொப்பியில் எழுதிவைக்கும் யோசனையைச் சிறிய அளவில் செய்து பார்க்க எனக்கு விருப்பம். அப்பா தொடங்கச் சம்மதித்துவிட்டார். உங்கள் பகுதியிலும் இரண்டு, மூன்று பேரைக் கேட்டுப் பார்க்க முடியுமா?

புன்னாலைத் தோட்டம் எழுதியது:

கேட்டுவிட்டேன் தங்கச்சி, என்னோடு சேர்த்து நான்கு பேர் எழுதுவோம். மாரி முடிந்து இறைப்புத் தொடங்குகிற கிழமையில் வந்தீர்கள் என்றால், எந்த நேரத்தை எப்படிக் குறிப்பது என்று எல்லோரும் ஒரே மாதிரியாகத் தீர்மானித்துக்கொள்ளலாம். இம்முறை மணித்தியாலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டோம்.